என் கண்ணாடியில் ஓடிய எழுத்து

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமா எழுதுவது. யாரையும் எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். முந்தாநாள் காலையில் ஆரம்பித்தேன். இந்த வரிக்கு வந்து சேர இன்றாகிவிட்டது. நடுவில் இரண்டு தாள் வீண்.

இதைப் பார்த்ததும் என் மகள் பாப்பா போனை எடுப்பாள். எடுக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லுங்கள். போனில் பேசுவதாக இருந்தால் எழுபத்து மூன்று வயதில் நான் எதற்காக இந்தப் பாடு பட வேண்டும்? எனக்குக் கடிதம்தான் வர வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். உங்கள் கையெழுத்து கொசுவை அடித்து ஒட்டியதுபோல இருக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

நூலக மாடியில் டீச்சரம்மா நடத்தும் வகுப்பில் எட்டு மாதமாகப் படிக்கிறேன். என்னைத் தவிர மற்ற பதினோரு பேரும் பெண்கள். “தாத்தா, தலையைக் கொஞ்சம் குனிங்க, பலகை தெரியல” என்று தினமும் ஒரு சத்தம் வரும். அதுகூட எனக்குச் சந்தோஷம்தான்.

நாற்பத்தோரு வருஷம் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவன் நான். கிழிசல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அத்தனை வருஷமும் எனக்குப் பிடித்தது படம் இல்லை, ட்ரெய்லர்தான். திரை கறுப்பாகும். தங்க நிறத்தில் எழுத்து வந்து நிற்கும். பின்னால் இடி இடிக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஏதோ பெரிய சங்கதி, படித்தவர்களுக்கு மட்டும் சொல்கிற சங்கதி என்று நினைத்துக்கொள்வேன். நீங்கள் ட்ரெய்லர் வெட்டுகிற வேலை பார்க்கிறவர் என்று கேட்டதும்தான் பெண் கொடுக்கச் சம்மதித்தேன். அவளிடம் சொல்ல வேண்டாம்.

இப்போது படித்துவிட்டேன். போன வாரம் ஐந்து ட்ரெய்லர் போட்டார்கள். முதலாவது, ‘இந்த ஆண்டின் மாபெரும் படம்.’ சரி. இரண்டாவதும் ‘இந்த ஆண்டின் மாபெரும் படம்.’ மூன்றாவது, ‘உலகமே காத்திருந்த படம்.’ டார்ச் அடித்து இடம் காட்டுகிற என் கூட்டாளி பக்கத்தில் நின்றான். அவனுக்கும் பெயர் டார்ச்தான்.

“ஏம்ப்பா, இத்தனை வருஷமா இதையேதான் எழுதிட்டிருந்தானுங்களா?”

“பின்ன? நீ என்னன்னு நெனச்ச?”

“வேற ஏதோன்னு.”

“வேற என்ன இருக்கு எழுத?” என்றான்.

எனக்கு வாய் கசந்துபோனது. போகட்டும். நல்லதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை ஒரு புதுப் படத்தை வெளியாகும் முன்பே சிலருக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். மேனேஜர் எனக்கு ஒரு பாஸ் கொடுத்தார். வாசலில் ஒரு பெண் தாளை நீட்டி, “கையெழுத்துப் போடுங்க தாத்தா” என்றாள். மாப்பிள்ளை, என்னிடம் மையை நீட்டாமல் ஒருவர் பேனாவை நீட்டியது அதுதான் முதல் தடவை. போட்டேன். தாள் முழுவதும் பொடி எழுத்து. பின்னால் வரிசை நின்றது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? என் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

படம் ஒரு அம்மாவைப் பற்றியது. அந்த அம்மாவுக்கு ஒரு நோய் போதவில்லை. இருமினாள், கண் போனது, படியில் உருண்டாள், மகன் மடியில் செத்தாள். செத்த பிறகும் ஒரு தடவை எழுந்து பேசினாள். எனக்குக் குமட்டியது.

படம் முடிந்ததும் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. வேலையில் இருந்தவரை அந்த நேரத்தில் நான் கதவு திறக்கப் போய்விடுவேன். இந்தத் தடவை உட்கார்ந்திருந்தேன். என்ன வேகம்! ஒரு பெயரின் தலையைப் பிடித்தால் அதன் வால் கூரைக்குப் போய்விடுகிறது. விடாமல் துரத்தினேன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. ‘தேநீர்’ என்று போட்டுப் பக்கத்தில் ஒரு பெயர். முழுவதும் படித்துவிட்டேன். படம் எடுத்த இடத்தில் டீ கொடுத்த யாரோ ஒரு மனிதர். அவர் பெயர் எனக்குத் தெரியும்! சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. துடைக்கிற நேரத்தில் அடுத்த பெயர் தப்பிவிடும் என்று துடைக்கவும் இல்லை.

இதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மாமா


மார்ச் 11

மாமாவுக்கு வணக்கம்.

எழுத்து போதுமா? பாப்பாவிடம் காட்டினேன். “இன்னும் பெருசா” என்றாள். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். எனக்கே சாவி தரமாட்டேன் என்கிறாள். நீங்கள் பெண் கொடுத்த காரணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, கடிதத்தை முதலில் பிரித்தது அவள்தான்.

நீங்கள் திட்டிய வாசகங்களை எழுதுகிறவன் நான்தான், மாமா. மொத்தம் பதினாறு வாசகம் வைத்திருக்கிறேன், மாற்றி மாற்றிப் போடுவேன். ‘உலகமே காத்திருந்த’ என்பது பொதுவாகப் படம் இரண்டு வருஷம் விற்காமல் கிடந்தால் போடுவது.

தொழிலை உள்ளே இருந்து பார்த்தால் உங்களுக்கு இன்னும் கசக்கும். முதலில் டீசர் வெட்டுவோம், முப்பது நொடி. கதாநாயகன் முதுகு, ஒரு கதவு, ஒரு அலறல், அவ்வளவுதான். படத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால் அந்த வேலை மிகவும் சுலபம். பிறகு பெரிய ட்ரெய்லர். சிரிப்புப் படம் என்றால் அதில் நாலே நாலு இடத்தில் சிரிப்பு வரும். நாலையும் ட்ரெய்லரில் போட்டுத் தீர்த்துவிடுவோம். பத்திரிகைக்காரர் ‘அருமையான நடிகர்களை வீணாக்கியிருக்கிறார்கள்’ என்று எழுதினால், ‘அருமையான நடிகர்கள்’ என்பதை மட்டும் வெட்டி எடுத்து அதற்கு நட்சத்திரம் வைப்போம்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. படத்தில் இருந்து ஒன்றிரண்டு காட்சிதான் போடுவது. மற்றபடி, பார்க்கிறவர்களை இருட்டில் படம் பிடித்து, அவர்கள் அழுவதையும் அலறுவதையும் காட்டுவது. ரியாக்‌ஷன் ட்ரெய்லர் என்பார்கள். நீங்கள் பார்த்தீர்களே அந்த அம்மா படம், அதற்கும் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். வேலை எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது. நாலு ஊரில் எடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு முகங்கள் என் மேசையில் இருக்கின்றன. முக்கால்வாசி பாப்கார்ன் தின்கின்றன. ஒருவர் நன்றாகத் தூங்குகிறார்.

உங்கள் ஊர் முகங்களை இன்னும் திறக்கவில்லை. நீங்கள் இருந்தால் கண்டுபிடிக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை தியேட்டருக்குப் போனேன். விளக்கு அணைந்தது. அந்த அம்மா படியில் உருண்டாள். மடியில் செத்தாள். அடுத்து நான் வந்தேன். இரண்டு மாடி உயரத்துக்கு என் முகம். கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது. மூக்கில் இருந்துகூட ஒழுகுகிறது. கீழே எழுத்து வந்தது: ‘எழுபது வயது இதயத்தையும் உடைத்த தாய்.’ மற்ற எழுத்தை எல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பேன். இதை ஒரே மூச்சில் படித்தேன்.

“ஐயோ, பாவம் பெரியவர்” என்று முன் வரிசையில் ஒரு குரல்.

டார்ச் என் மூஞ்சியிலேயே விளக்கடித்தான். “டேய் கிழிசல், நீயாடா இது? சொல்லவே இல்ல!”

ட்ரெய்லரில் எத்தனை வகை உண்டோ அத்தனைக்கும் நான் மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன். நீங்கள் டீசர் என்கிறீர்களே, அதை நான் கண்ணடிப்பது என்பேன். கதை முழுவதையும் கொட்டிவிடுகிறதே, அது வயிற்றைத் திறந்து காட்டுவது. ‘உண்மைச் சம்பவம்’ என்று தொடங்குவது சத்தியம் செய்வது. இதற்கு இப்போது பெயர் வைத்தேன்: பொய்ச்சாட்சி. மற்றதெல்லாம் தன் வாயால் பொய் சொல்கிறது. இது அடுத்தவன் மூஞ்சியை வாங்கிச் சொல்கிறது.

தெருவில் நடக்க முடியவில்லை. மருந்துக்கடை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க அம்மா ஞாபகம் வந்துடுச்சா, பெரியவரே?”

“எங்கம்மா நான் பொறந்த வாரமே போயிட்டாங்கம்மா. மொகமே தெரியாது.”

அவள் இன்னும் அதிகமாக அழுதாள். நான் என்ன செய்ய? அவளைத் தேற்றிவிட்டு மாத்திரை வாங்காமலே வந்துவிட்டேன்.

நான் எதற்கு அழுதேன் என்று உங்களுக்கு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய முதல் கடிதம் அது. அதைப் படித்தீர்கள், பதிலும் போட்டீர்கள். அதற்குப் பிறகுதான் என் முகத்தை எடுத்து அந்தப் பிணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினீர்கள். தெரியாமல் செய்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன்.

என் மேலும் கோபம் வருகிறது. கைநாட்டு வைத்த காலத்தில் எந்தத் தாளிலும் நான் சும்மா வைத்ததில்லை. பக்கத்தில் நிற்கிறவரைப் பிடித்து, “முழுசாப் படிச்சுச் சொல்லுங்க” என்று கேட்டுத்தான் வைப்பேன். வீட்டு வாடகைத் தாளை மூன்று பேரிடம் படிக்கச் சொன்னவன் நான். எழுதப் படிக்கத் தெரிந்ததும் ஒரு வார்த்தை படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். தாளை வாங்கிய பெண் என்னைப் பார்த்து எவ்வளவு அழகாகச் சிரித்தாள்!

ஒன்று சொல்கிறேன். ட்ரெய்லரில் என் முகம் வருகிற அந்தப் பதினோரு நொடியில் என் மூக்குக்கண்ணாடியைப் பாருங்கள். இரண்டு கண்ணாடியிலும் வெள்ளை எழுத்து கீழிருந்து மேலே ஓடுகிறது. அந்த அம்மா சாகும்போது திரையில் எழுத்து ஏது? எடுத்தது படம் முடிந்த பிறகு. பார்க்கத் தெரிந்தவன் எவனும் கண்டுபிடித்துவிடுவான். வேறு யாராவது சொல்லும் முன்னால் நீங்களே என்னை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மாமா


ஏப்ரல் 3

மாமாவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

உங்கள் ஊர் முகங்களைத் திறந்தபோது முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இருட்டில் எடுப்பதால் எல்லோரும் பச்சையாகத் தெரிவார்கள். முகம் முகமாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு முகத்தில் அவர் என் தோளைப் பிடித்தார். “நிறுத்து. யாருடா இந்தப் பெருசு? தங்கம்டா! மூக்குல தண்ணி வருது பாரு. இதை எந்த நடிகன் செய்வான்? தூக்கு.”

அப்போதுதான் எனக்கு நீங்கள் என்று தெரிந்தது.

“படம் முடிஞ்சப்புறம் எடுத்தது சார்” என்றேன்.

“அழுகைல கடியாரமா கட்டியிருக்கு? போடு” என்றார்.

“தெரிஞ்சவரா?” என்றும் கேட்டார். “இல்ல சார்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் என்றால் உங்கள் காரணத்தைச் சொல்ல வேண்டிவரும், அதைச் சொன்னால் அவர் சிரிப்பார், அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். வேலைக்குப் பயந்து சொன்னேன் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் பொய் இல்லை.

சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் முகங்களை வெட்டுவோம். வாய் எழுத்துக்கூட்டுவதுபோல் அசைவதைப் பார்த்தேன், விம்முகிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்ணாடியில் எழுத்து ஓடுவதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. நீங்கள் சொன்ன பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன், இருக்கிறது. அதைச் சரி செய்துவிடுகிறேன், கவலை வேண்டாம்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 16

மாப்பிள்ளைக்கு,

சரி செய்துவிட்டீர்கள். நேற்றுப் பார்த்தேன்.

என்னை எடுத்திருப்பீர்கள் என்று நம்பிப் போனேன். அந்த அம்மா செத்தாள். நான் வந்தேன். அதே அழுகை, அதே மூக்கு. கண்ணாடி மட்டும் கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஒரு எழுத்து இல்லை.

நான் உங்களுக்குக் காட்டிக்கொடுத்த தடயத்தை வைத்தே என்னை அழித்திருக்கிறீர்கள். எட்டு மாதம் டீச்சரம்மா என் கண்ணுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டதை ஒரு மத்தியானத்தில் துடைத்து எடுத்துவிட்டீர்கள். பழையபடி ஒன்றும் தெரியாத கிழவன் உட்கார்ந்து அழுகிறான். சாப்பிட உட்கார்ந்தேன். வாயில் வைத்த சோற்றில் முடி கிடந்ததுபோல் இருந்தது. எழுந்து கை கழுவினேன். அதற்குப் பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன்.

வகுப்பில் என்ன நடந்தது தெரியுமா? பெண்கள் பதினோரு பேரும் சேர்ந்து அந்தப் படத்துக்குப் போயிருக்கிறார்கள். “நம்ம தாத்தாவே அப்படி அழுதாருன்னா” என்று பேசிக்கொண்டு போனார்களாம். அதில் ஒருத்தி வீடு கூட்டிப் பிழைக்கிறவள். அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுக்கா தாத்தா அழுதீங்க? எங்க வீட்டுல தெனம் நடக்கறதே இதைவிட நல்லா நடக்கும்.”

“அதுக்கு அழல தாயி. பேரு படிச்சேன். அதுல அழுதேன்.”

“பேரு படிச்சா அழுவாங்களா? என்ன தாத்தா, வாங்கின காசுக்கு மேல நடிக்கிறீங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். வேறு எங்கே சொன்னாலும் நம்பாமல் போகலாம். அந்த அறையில் நம்பவில்லை. பெயர் படித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அந்தப் பதினோரு பேர்தான். அவர்களே என்னைக் கூலிக்கு அழுதவன் என்கிறார்கள். இப்போது யாரும் என் பெஞ்சில் உட்காருவதில்லை. பலகை மறைக்கிறது என்றும் சொல்வதில்லை.

ச்சீ, என்ன தொழில் இது? நான் நாற்பத்தோரு வருஷம் கிழித்தது வெறும் டிக்கெட். நீங்கள் ஆளையே கிழித்து ஒட்டுகிறீர்கள்.

பாப்பா ஏன் எழுதவில்லை? அவளுக்கு இது தெரியுமா?

மாமா


ஏப்ரல் 21

மாமாவுக்கு,

பாப்பாவுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தை அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள், சமையலறையில் நின்றுகொண்டு, சத்தமாக. ‘ச்சீ’ என்று நீங்கள் எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தாள். சாப்பாடு மேசையில் இருக்கிறது. அவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று கை வரவில்லையாம்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அதற்குள் இன்னொன்று கேட்கிற நிலையில் இருக்கிறேன்.

படம் ஓடுகிறது, மாமா. ஓடக் கூடாத படம் உங்கள் முகத்தால் ஓடுகிறது. தயாரிப்பாளர் விழா எடுக்கிறார். மேடையில் அந்த நடிகை உங்கள் கண்ணீரைத் துடைப்பதுபோல் எடுத்து அதையும் ஒரு ட்ரெய்லராக வெட்ட வேண்டுமாம். நீங்கள் என் மாமனார் என்று முதலாளிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஒரே குதூகலம். “வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டுத் தெரியாதுன்னியேடா, திருடா!” என்று முதுகில் தட்டினார். பிறகு குரலை இறக்கி, “கையெழுத்து வரலேன்னா நீயும் வர வேணாம்” என்றார்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். பழைய கையெழுத்து அந்த ஒரு காட்சிக்கு மட்டும்தான். இதற்குப் புதிதாகப் போட வேண்டும். கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், அங்கே போட்டால் போதும். மற்றதெல்லாம் வழக்கமான வாசகங்கள். படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலே எழுதிய கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். அடிக்கவில்லை, அப்படியே விடுகிறேன். நான் எப்படிப்பட்டவனாக ஆகியிருக்கிறேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை


மே 2

மாப்பிள்ளைக்கு,

படித்தேன். ஆறு நாள் ஆனது. வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு இறக்கினேன். புரியாத வார்த்தைகளைச் சீட்டில் எழுதி டீச்சரம்மாவிடம் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. ‘ஈடாக’ என்றால் என்ன, ‘நிபந்தனையின்றி’ என்றால் என்ன என்று கேட்டேன். “தாத்தா வக்கீலுக்குப் படிக்கப் போறீங்களா?” என்றார்.

ஐந்தாவது வரியில் இருக்கிறது: ‘மேற்படி படத்தில் தாயின் மரணத்தைக் கண்டு நான் என்னை மறந்து அழுதேன் என்று உறுதி கூறுகிறேன்.’ இதுதான் உங்கள் வழக்கமான வாசகமா? ஒன்பதாவது வரியில், இதற்கு மாறாக நான் எங்கேயும் பேசவோ எழுதவோ கூடாதாம். எழுதவோ கூடாது! கடிதம் எழுத ஆரம்பித்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் தடை போட ஒருவர் வந்துவிட்டார். நான் அவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

உங்கள் வேலையைப் பற்றி யோசிக்காமல் இல்லை. என் மகள் சாப்பிடுவது அந்த வேலையில்தான். இரண்டு நாள் பேனாவைப் பென்சில் புள்ளிக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெயர்தானே, போட்டால் போகிறது என்று நினைத்தேன். ஆனால் இதில் போட்டால் அந்தப் பதினோரு பேர் சொன்னது உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு நான் எதை எழுதினாலும் கூலிக்கு எழுதியதாகத்தான் இருக்கும், இந்தக் கடிதம் உட்பட.

அதனால் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் புள்ளியை அழித்துவிட்டு அந்த இடத்தில், நான் எதற்கு அழுதேன் என்று எழுத ஆரம்பித்தேன். என் எழுத்துக்கு இடம் போதவில்லை. ஓரத்தில் ஏறி, மேலே திரும்பி, மறுபக்கமும் போய்விட்டது. படம் எப்படிக் குமட்டியது என்பதையும் எழுதியிருக்கிறேன். நடிகைக்கு வருத்தம் வேண்டாம், எழுதிக் கொடுத்ததை அவள் செய்தாள் என்றும் சேர்த்திருக்கிறேன்.

தாளை உங்களுக்கே அனுப்புகிறேன். முதலாளியிடம் கொடுப்பீர்களோ, குப்பையில் போடுவீர்களோ, நான் வந்து பார்க்கப்போவதில்லை. எதைச் செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். பொய் எழுதினால் எனக்குத் தெரியாது. என் மகளுக்குத் தெரியும்.

மாமா


மே 9

மாமாவுக்கு,

முதலாளியிடம் கொடுத்தேன்.

கொடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். பாப்பா அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்து என் பையில் வைத்தாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். அதற்கு மேல் எனக்கு என்ன வழி இருந்தது?

அவர் நின்றபடியே படித்தார். திருப்பித் திருப்பிப் படித்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். தலையைத் தூக்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது, மாமா. ஒரு நொடி, அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நம்பினேன்.

“இதுதான்டா கதை!” என்றார். “அழுத மூஞ்சியெல்லாம் எவன்கிட்டயும் இருக்கும். இந்தக் கோணல் எழுத்து எவன்கிட்ட இருக்கு? கையை க்ளோசப்ல எடு. நடுங்கணும். பின்னால வயலின் மட்டும். கடைசியில வாசகம், எழுதிக்க: ‘அவர் படிக்கக் கற்றதே இந்தப் படத்துக்காக!’”

“குமட்டுச்சுன்னு எழுதியிருக்காரே சார்” என்றேன்.

“அந்த வரியைத் துடைச்சுடு. கண்ணாடில துடைச்ச இல்ல?”

உடம்பு முழுக்க ஏதோ ஊர்ந்ததுபோல் இருந்தது. இந்த மனிதரிடம் உண்மையைக் கொடுத்தாலும் தின்றுவிடுகிறார், பொய்யைக் கொடுத்தாலும் தின்றுவிடுகிறார். ஒன்பது வருஷமாக அவர் வாய்க்குத் தகுந்தபடி நறுக்கிக் கொடுத்தவன் நான். தாளைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே பின்னால் மறைத்தார். பிடித்து இழுத்தேன். ஒரு மூலை கிழிந்து அவர் கையில் தங்கிவிட்டது. மிச்சத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மின்தூக்கிக்குக்கூட நிற்கவில்லை. ஏழு மாடி.

பழைய ட்ரெய்லரை என்னால் நிறுத்த முடியவில்லை. அது அவர்களுடையது. படம் இருக்கும்வரை உங்கள் முகம் வரும். அதற்கு நான்தான் காரணம், அது மாறாது.

பாப்பா இதைப் படித்துவிட்டாள். பொய் இல்லை என்று எழுதச் சொன்னாள். கிழிந்த மூலையில் என்ன இருந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

மாப்பிள்ளை


மே 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூலை அந்த ஆளிடமே கிடக்கட்டும். எழுதியதை இன்னொரு தடவை எழுத எனக்குத் தெரியும்.

வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். நீங்கள் எழுதியதையும் நானே எழுந்து நின்று படித்துக் காட்டினேன். முதலாளி சொன்ன வாசகம் வந்ததும் ஒருத்தி, “அடப்பாவி!” என்றாள். ஏழு பேர் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். வீடு கூட்டுகிறவள் இன்னும் நம்பவில்லை. “மருமகனும் நீங்களும் பேசி வெச்சு எழுதினா எனக்கு எப்படித் தெரியும்?” என்கிறாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அரை நாள் கூலி போனது அவளுக்கு.

வேலை போனதற்கு வருத்தம் என்று எழுத மாட்டேன், எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் மேல் எனக்கு இருந்த அருவருப்பு முழுவதும் போய்விட்டது என்றும் எழுத மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. நேரில் வாருங்கள், இரண்டு பேரும். மூஞ்சியைப் பார்த்தால் மிச்சமும் போகும் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமையோடு அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். இனி என் முகம் வராது என்று நேற்று நிம்மதியாகப் போய் உட்கார்ந்தேன். புதுப் படத்துக்கு ட்ரெய்லர் போட்டார்கள். உங்கள் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார் போலிருக்கிறது. பச்சை இருட்டில் ஒரு பெண். என் மகள் வயது இருக்கும். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுகிறாள். தோள் குலுங்குகிறது. என்னைச் சுற்றி எல்லோரும் ‘உச்’ கொட்டினார்கள்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ, அன்று அவளை யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ. என்னை அறியாமல் எழுந்து நின்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

“எதுக்கும்மா அழுதே?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். பின்னால் இருந்து ஒருவர், “உக்காரு பெருசு, படம் வந்தாத் தெரிஞ்சுடும்” என்றார்.

தெரியாது, மாப்பிள்ளை. படம் வந்தாலும் அது மட்டும் தெரியாது.

உங்கள் மாமா